ப்ராந்தியூ

ஆறு மாதமாய் வினைச்சொற்களை
உறைந்த கோழிபோல் முழுசாகவே தந்தேன்:
நான் முடிக்க. பஸ் போக. நேற்று நீ வர.
பெட்டித் தொழிற்சாலையில்
ரெஜானுக்கு அது போதும்.

தமிழில் வந்தேன் என்றால்
வாலில் நான் உட்கார்ந்திருப்பேன்.
பிரெஞ்சில் வாலை எழுத வேண்டும்,
வாசிக்கக் கூடாது.

நேற்று, கத்தி எங்கே என்றான்.
ஜே ப்ராந்தியூ என்றேன். நான் எடுத்தேன்.
சிரித்து உருண்டான்: ப்ரீ! ப்ரீ!

விற்றேனுக்கு வாந்தியூ என்றால்
எடுத்தேனுக்கு ப்ராந்தியூ ஆகாதா?
மொன்றியலில் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லையாம்,
அவனுடைய மூன்று வயது மகளைத் தவிர.

அவளோடு நான் பேசியதே இல்லை.

மைனஸ் இருபதில்
பார்க் எக்ஸ்டென்ஷன் வரை நடந்தேன்,
யாரும் சொல்லித் தராத அதை
சால்வைக்குள் சொல்லிக்கொண்டே.
ப்ரீ நாளைக்கு.