ஐஸ்பெட்டிக்குள் மழை

பன்குளத்துத் தேக்கங்காட்டுக்கு
மீன்பெட்டியோடு போகிறோம்.
கொட்பேயில் வாங்கிய ஐஸ், அரைக் கட்டி.
நேற்றுவரை சூரை கிடந்த இடத்தில்
இன்று மண் படுக்கப்போகிறது.
"என்ன மிஸ், மண்ணும் பழுதாகுமா?"
சபருல்லாவுக்குச் சிரிப்பு.
ஆகும்.
உயிருள்ளது எதுவும்.

ஆகஸ்ட். கச்சான் அடிக்கிறது.
எட்டடிக்கு ஒன்றாய் வன இலாகா நட்ட மரங்கள்
பாதி இலையைக் கழற்றிவிட்டு,
காலைக் கூட்டத்தில் மயங்கி விழப்போகும்
பிள்ளைகள் மாதிரி வரிசை பிசகாமல் நிற்கின்றன.
சருகில் கால் வைத்தால்
அடுத்த ஊருக்குக் கேட்கும்.

நாற்பத்தோராம் மரம், தெற்குப் பக்கம்.
குழாயை நிறுத்திச் சுத்தியலை ஓங்குகிறேன்.
சபருல்லா இரண்டடி பின்வாங்குகிறார்.
முன்பு இந்த மண்ணைத் தட்டியவர்கள்
தலைக்கவசம் போட்டிருந்தார்கள்.
இரும்புக்கு மட்டுமே காது கொடுத்தார்கள்.

பத்து சென்ரிமீற்றர் ஆழத்திலும்
வறுத்த கோப்பித்தூள்.
ஒரு தேக்கரண்டிக்குள்
இலங்கைச் சனத்தொகையைவிட அதிகம் பேர்,
எவரும் கதவு திறப்பதாயில்லை.
வித்தாகிச் சுருண்டவர் சிலர்.
உடம்புக்குள் உப்பும் சீனியும் பதுக்கி
கடைசி ஈரத்தைக் கட்டிப் பிடித்திருப்பவர் சிலர்.
பூஞ்சண இழைகள் மட்டும்
ஒரு மணலுக்கும் மறு மணலுக்கும் நடுவே
துணி காயாத கொடிக்கயிறுகள்.

ஐப்பசிக்குக் காத்திருக்கிறார்கள்.
அது வருகிற நாளை நான் அளந்திருக்கிறேன்:
முதல் துளியை ஒரேயடியாய்க் குடித்து
பாதிப்பேர் வெடித்துச் சாவார்கள்,
மீதிப்பேர் அவர்களையே தின்று எழும்புவார்கள்.
அந்த அமளியின் மணத்துக்குத்தான் நாங்கள்
யன்னலைத் திறந்துவைத்து மூச்சிழுப்பது.

திரும்பும்போது கன்னியாப் பக்கம்
மாடொன்று குறுக்கே பாய்ந்தது.
பிறேக். பிறகு பஞ்சர்.
மூன்று மணித்தியாலம் வெயிலில் நின்றோம்.
வளாகத்துக்கு வந்து பெட்டியைத் திறந்தால்
மீன் மணக்கவில்லை.
மழை மணத்தது.

நாற்பத்தொன்றின் பை ஓரத்தில் கிழிந்து
ஐஸ் உருகிய தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது.
அது ஐஸ் ஆலைத் தண்ணீரென்று
அவர்களுக்கு யார் சொல்வது?
வந்துவிட்டது என்று நினைத்து
கதவெல்லாம் திறந்துவிட்டார்கள்.

"41 பழுது. விலக்குக" என்று
பதிவேட்டில் எழுதினாள் துவாரகி.
எறிய மனம் வரவில்லை; யன்னலோரம் பரப்பினேன்.
ஒரு கிழமையில் மறுபடி கோப்பித்தூள்.
பேருக்கு ஒருமுறை நனைத்து,
போத்தலில் காரத்தோடு அடைத்துவைத்தோம்.
அவர்கள் விடும் மூச்சைக் காரம் குடிக்கும்;
பிறகு அமிலம் சொட்டச் சொட்ட
ரோஸ் நிறம் எத்தனை துளியில் மறைகிறதோ
அதுதான் கணக்கு.
துவாரகி சொட்டிக்கொண்டேயிருந்தாள்.
நிறம் போகவில்லை.
காரம் பசியோடே இருந்திருக்கிறது.
எழும்பியதிலேயே எல்லாவற்றையும்
செலவழித்துவிட்டார்கள்.

செப்டெம்பர் பத்தொன்பது, பின்னேரம்.
பன்குளத்தில் பத்து நிமிடம் தூறியதாய்
சபருல்லா சந்தோஷமாய்த் தொலைபேசினார்.
மறுநாள் முப்பத்தேழு பாகை.
ஐப்பசியும் வெயிலிலேயே கழிந்தது.

காடு முழுக்க ஒரு கிழிந்த பை.

கார்த்திகையில் மொத்தமும் வந்தது,
நான்கு நாளில், வீதியை அரித்துக்கொண்டு.
நாற்பத்தோராம் மரத்தடியில் முழங்காலளவு வெள்ளம்.
இனிக் கீழே
காற்றைக் கண்டால் செத்துப்போகிறவர்களின் காலம்.
மேலே தேக்கு தளிர்த்திருந்தது,
முறம் முறமாய்ப் பச்சை.
மரத்துக்கு இன்னும் யாரும்
கணக்குக் காட்டவில்லை.

"வாறதெண்டா ஒழுங்கா வரோணும் மிஸ்,
இல்லாட்டி வரப்படாது."
மழையைச் சொன்னாரா
எங்களைச் சொன்னாரா தெரியவில்லை.
பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு
தண்ணீருக்குள் நடந்தார்.

சேற்றைக் குழாயிலிருந்து தட்டி எடுத்து
இரண்டு பைக்குள் போட்டுக் கட்டினேன்.