பட்டறிவு

வேலை விளம்பரத்தில்
தகுதி என்ற இடத்தில் அச்சாகியிருந்தது:
பட்டறிவு. சொந்தமானதாக இருக்க வேண்டும்.

நார்விக்கில் நவம்பர் கடைசி,
சூரியன் விடுப்பில் போகும் வாரம்.
இரும்புத்தாது ரயில் துறைமுகத்துக்கு இறங்கும் சத்தத்தில்
வார்டு ஜன்னல்கள் அதிர்ந்துகொண்டிருந்தபோது
கழுத்தில் அடையாள அட்டையோடு
குன்வோர் வந்தாள்.

இதே கதவு.
பதினோரு வருடம் முன்னால்
இதில் முட்டி முட்டி அவள் நெற்றி வீங்கியது.
இப்போது அட்டையைக் காட்டினாள்,
பச்சை விளக்கு எரிந்தது.
உடனே நுழையவில்லை.
கதவைத் தானாக மூடவிட்டு
இன்னொரு முறை திறந்து பார்த்தாள்.

அந்த இரவுப் பணியில் இருந்த செவிலியன் நான்.
ஆறாம் அறை. நான்கு பேர் பிடித்தோம்.
இடது மணிக்கட்டுப் பட்டையை மாட்டியது நான்.
அவளுக்கு நினைவிருக்குமா என்று
பணியாளர் சமையலறையில்
காபி வடிந்து முடியும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.
"தாடியை எடுத்துட்டீங்க" என்றாள்.

கூட்டம் போட்டுப் பேசினோம்:
மருந்தறைச் சாவி அவளுக்கு உண்டா,
நோயாளிகளின் குறிப்புகளைப் படிக்கலாமா,
அவளுடையது அதே அலமாரியில்தானே இருக்கிறது,
சம்பளத்தில் எந்தப் படி.
அவள் படுத்துக் கிடந்த ஆண்டுகளை
அனுபவமாகக் கணக்கிடக் கணினியில் கட்டமில்லை.
பூஜ்ஜியம் என்று போட்டார்கள்.

எய்லிஃப் வந்தது டிசம்பரில்.
மீன்பிடிப் படகிலிருந்து நேராக,
செதில் ஒட்டிய காலணியோடு.
பத்தொன்பது வயது. நான்கு நாள் வாய் திறக்கவில்லை,
பேசவும் இல்லை, உண்ணவும் இல்லை.
பக்கவிளைவுகளைப் பற்றிய தாளை நான் கொடுத்திருந்தேன்,
இருபுறமும் அச்சடித்தது.

குன்வோர் எதிரில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தாள்.
அவள் கை நடுங்கும்.
தோல் கிழிந்தது, சுளை பிய்ந்தது,
மேசையெல்லாம் சாறு.
கால் மணி நேரம் ஒரே ஒரு பழத்தோடு.
அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கையையே பார்த்தான்.

"எத்தனை மில்லிகிராம்?"

"தொள்ளாயிரம். ராத்திரிக்கு."

"எனக்கும் இப்படி ஆகுமா?"

"ஆகலாம். ஊசியில நூல் கோக்க முடியாது.
பனியில வண்டி ஓட்டலாம்."

இரண்டு சுளை எடுத்துக்கொண்டான்.
கதவருகே நின்றிருந்தேன்,
கையில் எதற்கென்று தெரியாமல் ஒரு தட்டு.

பிப்ரவரியில் அவள் வரவில்லை.
உறக்கமற்று மூன்று இரவு,
தானே தொலைபேசியில் சொன்னாள்.
"எதிர்பார்த்ததுதான்" என்றார் ஒருவர்.
நானும் தலையசைத்தேன்.
வரவேற்பு மேசை ஒட்பியோர்
முதுகுவலியில் ஆறு வாரம் படுத்தபோது
எதிர்பார்த்ததாக யாரும் சொன்னதில்லை.
எய்லிஃப் எடுத்துவைத்த ஆரஞ்சு
ஜன்னலோரம் சுருங்கிக் கல்லானது.

ஏப்ரலில் திரும்பினாள்.
கொஞ்சம் மெலிவு, அதே அட்டை, அதே நடுக்கம்.
குளிர்பெட்டியில் தன் பாலைத் தேடியபடி
முதுகு காட்டியே கேட்டாள்:
"ஆறாம் அறை இடது பட்டை.
கொக்கி சதையைக் கவ்வும்.
மாத்திட்டாங்களா?"

பதினோரு வருடம்.
எத்தனை மணிக்கட்டுகளில் மாட்டியிருக்கிறேன்.

அன்றிரவு அந்த அறை காலி.
விளக்கைப் போடாமல் கட்டிலில் படுத்து
என் இடது கையை நானே பூட்டினேன்.

கவ்வியது.

காலையில் பழுதுப் படிவம் நிரப்பினேன்.
எப்படித் தெரியவந்தது என்ற வரியில்
பேனா சற்று நின்றது.
முன்னாள் நோயாளி என்று எழுதத் தொடங்கி
அடித்துவிட்டு
எழுதினேன்:
உடன் வேலை செய்பவர் சொன்னார்.