மைனஸ் பதினெட்டு

சித்திரை பிறக்க இன்னும் ஆறு நாள்.
மோல்மேனில் தார் உருகிச் செருப்பைப் பிடித்து இழுக்கிறது.
ஸ்கேனரைச் செருகினேன்.
இன்ஜின் சூடு: மைனஸ் பதினெட்டு.

மூடோனிலிருந்து கருவாடு ஏற்றி வரும் வேன்.
முன்பு ஹொக்கைடோவில் ஓடியதாம்.
கதவில் ஜப்பான் எழுத்து பாதி உரிந்திருக்கிறது.
பங்க் வரிசையில் நின்றால் கொதிக்கிறது,
பெட்ரோலைக் குடித்துக் கறுப்பாய்த் துப்புகிறது,
முள் மட்டும் அடியில் படுத்துக் கிடக்கிறது.

“பாவம், அதுக்குப் பழைய ஊர் நெனப்பு” என்றாள் உலகம்மாள்.
எங்களுக்கு இது வாய்ப்பழக்கம்.
எவனாவது இரண்டு நாள் சோற்றைத் தள்ளி வைத்தால்
ஊர் நினைப்பு என்றுவிடுவோம்.
நாலு தலைமுறையாய் எவரும் பார்க்காத ஊர்.

அதெல்லாம் இல்லை அக்கா.
கட்டைவிரல் நீளப் பித்தளை, உள்ளே மிளகளவு மணி.
சூடு ஏற ஏற அது முரண்டைக் குறைக்க வேண்டும்.
குறைக்கவில்லை.
பனி என்று இது சொல்ல
பனி என்று பெட்டி நம்ப
விசிறியை யாரும் எழுப்பவில்லை.

ஒரு மணி நேரம் ஆறவிட்டேன்.
ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுத் திறந்து,
பத்தொன்பதாம் நம்பர் சாக்கெட்டில் அரைச் சுற்று.
பச்சைத் தண்ணீர் முழங்கை வரை வழிந்தது.
துளையில் துணி சுற்றிய ஆப்பு.

அவள் இன்னும் நம்பவில்லை.
லப்பெயே கடையில் ஒரு கோப்பை வெறும் தேயிலைத் தண்ணீர்,
கொதிக்கக் கொதிக்க.
பழையதை முக்கி மீட்டரை வைத்தேன்:
பதினையாயிரம் ஓம். அசையவில்லை.
நேற்று மியாவடி பஸ்ஸில் வந்த புதியதை முக்கினேன்:
ஆயிரத்து எழுநூறு, தொள்ளாயிரம், நானூறு,
முந்நூற்றுப் பத்து.
“எறங்குதே” என்றாள்.
சூடு புரிந்தால் இறங்கும்.

செம்பு வாஷர். கையால் நாலு மரை,
பிறகுதான் சாவி; பித்தளையை மிரட்டக் கூடாது.
காற்றுக் குமிழி தீரும்வரை தண்ணீர்.

ஓடவிட்டோம்.
முப்பத்தெட்டு. அறுபது. எண்பத்தேழு.
இருவரும் பேசவில்லை.
தொண்ணூற்று நாலில் விசிறி உறுமிக் கிளம்பியது,
அவள் முந்தானை என் முகத்தில் அடித்தது, கருவாட்டு வாசனையோடு.

பழையதை எடைக்குப் போடலாமா என்று கேட்டு
முடிச்சில் கட்டிக்கொண்டாள்.
கடைப் பையன் கோப்பைக்கு வந்தான்.
ரெண்டு தடவை கழுவுடா என்றேன்.
மோந்து பார்த்தான்.
மூன்று தடவை கழுவுவான்.