நிகர எடை

மூக்கையூர் விலக்கு எடை மேடையில்
எனக்கு இரவு ஷிப்ட்.
ரசீதில் மூன்று வரி விழும்:
மொத்தம், வண்டி, நிகரம்.
மூன்றாவதற்குத்தான் காசு.

வேலிக்கருவையை வெட்டி அடுக்கி
மண் பூசி மூட்டம் போட்டு
பத்து நாள் புகையவிட்டு அள்ளிய கரி
ஓட்டல் அடுப்புக்குப் போகும்.
ஏற்றுமுன் மூட்டையில் தண்ணீர் தெளிப்பார் சேதுகாவலன்.
எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியுமென்று அவருக்கும் தெரியும்.

இந்தப் பங்குனியில்
இபுராமுசா காக்கா கிட்டங்கிக்கு
வேறொரு கிராக்கி வந்தது.
எரிக்க அல்ல, புதைக்க.
"கரிய வாங்கி மண்ணுல பொதைப்பாகளாம்டீ!"
மூட்டத்தில் நிற்கிற உடையநாச்சி
சிரித்தாள், இருமினாள், மறுபடி சிரித்தாள்.

தூத்துக்குடியிலிருந்து ஜோவிட்டா வந்தாள்
கையில் ஈரமானியோடு.
என் ரசீதின் முதுகில் கணக்குப் போட்டாள்:
மரம் குடித்த காற்று
கரியாகி மண்ணுக்குள் நூறு நூறு வருடம் கிடக்கும்.
காற்றிலிருந்தே உறிஞ்ச இயந்திரமும் உண்டு,
விலை இதைப்போலப் பல மடங்கு.
எல்லாவற்றிலும் மலிவு புகைக்காமலிருப்பது.
நிறுத்தவே முடியாத மிச்சத்துக்குத்தான்
இதெல்லாம்.

மிச்சம் எவ்வளவு என்று
யார் சொல்வது, கேட்டேன்.
அவள் பேனாவை மூடினாள்.

முதல் லோடில் ஈரமானி
இருபத்திரண்டு காட்டியது.
தண்ணீருக்குக் காசில்லை என்று கழித்துவிட்டார்கள்.
நியாயம்தான்.
கழித்ததைச் சேதுகாவலன்
உடையநாச்சி கூலியில் பிடித்துக்கொண்டார்.
தண்ணீர் ஊற்றியது அவளில்லை.

இனி இரும்பு உலை வருமாம்,
புகை குறையுமாம்.
பதினோரு பேர் நின்ற இடத்தில் நாலு பேர் போதும்.
இருமல் நிற்கும் என்றாள் ஜோவிட்டா.
கூலியும் என்றேன்.
இரண்டுமே உண்மை என்பதால்
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

நேற்று மூன்று மணிக்கு
தூக்கக் கலக்கத்தில் ஒரு டிரைவர்
சரக்கு ஏற்றாமலே இரண்டாம் முறை மேடை ஏறினான்.
மொத்தமும் வண்டியும் ஒன்று.
நிகரம்: 0.
அறுபது ரூபாய் என்றேன்.
"ஒண்ணுமே ஏத்தலயே, எதுக்குக்கா காசு?"
பூஜ்யத்துக்கும் எடை போடணும்ல தம்பி.

முனகிக்கொண்டே எண்ணிக் கொடுத்தான்.
எல்லாம் பத்து ரூபாய்த் தாள்,
எல்லாவற்றிலும் கரி.

வண்டி இறங்கிப் போன பிறகு
கடல் பக்கமிருந்து கச்சான் காற்று தூக்கியது.
இப்படி அடித்தால்
காலி மேடையே பத்து கிலோ காட்டும்.
பொத்தானை அமுக்கிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன்.
பத்து.
மறுபடி அமுக்கினேன்.