இரவல் முகம்

மன்னவனூர்ப் பனிக்கு ஒரு கெட்ட பழக்கம்:
கேட்டால் முகம் கொடுக்கும்.
மேட்டுக் கல்திட்டைக்குள்
இரண்டு பேர் ஒரு நாழிகை நின்றால் போதும்,
ஒருவன் முகத்தை மற்றவனுக்குப் பூசி அனுப்பும்.
பூச்சுக்குக் கீழே இருந்ததைத்
தானே வைத்துக்கொள்ளும், அடகுபோல.

கீழ்நாட்டார் என் பாலில் நஞ்சு கலந்த வருடம்
அப்படித்தான் அழைத்துப் போனேன்
பூம்பாறைச் சடையாண்டியை.
பூண்டு வெள்ளாமைக்காரன். என் உயரம்.
கூலியாகக் கேட்டது ஒரு பொதிக்குதிரை,
ஓடையோரம் நாலு தட்டு நிலம்.
அம்மைத் தழும்பு, இடப்புருவத்தில் ஒரு வெட்டு,
ஒரு பக்கம் மட்டும் சிரிக்கும் வாய்.
அதைக் கடைசியாகப் பார்த்தவன் நான்.
வெளியே வந்தபோது
இரண்டு நான்கள்.
குதிரைக்குத்தான் வித்தியாசம் தெரிந்தது.

ஆபத்தான நாளில் அவன் அரியணையில்.
நான் சமையற்கட்டுக்குப் பின்னால் விறகு அறையில்,
என் ஆணைகளை இன்னொருவன்
தப்பும் தவறுமாகச் சொல்வதைக் கேட்டபடி.
பொற்றொடிதான் முதலில் கண்டுபிடித்தாள்.
நகக்கண்ணில் பூண்டு மணம்.
கண்டுபிடித்தவள் யாரிடமும் சொல்லவில்லை.

என்னிடம் அவள் பேசியதெல்லாம் 'நீங்கள்'.
உண்டீர்களா, உறங்குங்கள், வென்று வாருங்கள்.
ஒரு மழைநாளில் கதவுக்கு அப்பால்
"நீ நனைஞ்சிட்டியா?" என்றது அவள் குரல்.
எட்டு வருட மணவாழ்வில்
அந்த ஒற்றை எழுத்து என் பக்கம் வந்ததில்லை.

பிறகு சதி. எல்லாச் சதியையும் போல
அதுவும் வாயிற்காவலன் வழியாக என்னிடம் வந்தது:
அமாவாசை, விளக்கில்லாத இடைகழி,
கொலையாளிக்கு ராணி சொன்ன அடையாளம் ஒன்றே.
பூண்டு மணக்கிற கையை விட்டுவிடு.
மணக்காதவனை முடி.

இரண்டு முழுப்பூண்டு உரித்து
முழங்கை வரை தேய்த்துக்கொண்டேன்.
அவ்வளவுதான் செய்தேன்.
அன்று அவள் பிறந்த நட்சத்திரம் என்று
சடையாண்டி
எலுமிச்சை வைத்து மூன்று தரம் கை கழுவியிருந்தது
எனக்கு எப்படித் தெரியும்?

தெரியும்.
எலுமிச்சை கேட்டு என்னிடம்தான் வந்தான்.

விடியுமுன் திட்டைக்குள் கிடத்திக் கல்லை மூடினோம்.
"முடிஞ்சிருச்சு புள்ள" என்றேன் பூம்பாறைப் பேச்சில்.
என் இரண்டு கையையும் எடுத்து
முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள்.
"நீ பொழைச்சியே" என்றாள்.
நீ.

பதினோரு வருடம்.
அரசனாக நடிக்கும் பூண்டுக்காரனாக நடிக்கும்
அரசன் நான்.
தினம் இருட்டியதும் அறையைப் பூட்டிப் பூண்டு உரிக்கிறேன்,
விரல்நுனி எரிய.
சபையில் வேண்டுமென்றே பிழையாகத் தீர்ப்பளிக்கிறேன்;
குடிகள் என்னை முன்னைவிட விரும்புகிறார்கள்.
சில இரவு அவன் தோட்டத்தைப் பற்றிக் கேட்பாள்.
நான் எழுதிக்கொடுத்த ஓலையை நினைவில் விரித்து
கிழக்கே ஓடை, மேற்கே புல்மேடு என்பேன்.
உழுதவன் அப்படியா பேசுவான் என்று
அவள் கேட்டதில்லை.

இன்று மாலை பனி பள்ளத்திலிருந்து ஏறி வந்தது.
சன்னலுக்கு வெளியே,
ஆள் நிற்க இடமே இல்லாத வெறுமையில்,
அம்மைத் தழும்பு. வெட்டுப் புருவம்.
ஒரு பக்கம் மட்டும் சிரிக்கும் வாய்.
மீட்க ஆளில்லாத அடகு
தானே வீடு தேடி வந்திருக்கிறது.

பாதி பின்னிய கூந்தலோடு பொற்றொடி எழுந்து போனாள்.
அவள் ஒருநாளும் பார்த்திராத முகம்.
கம்பிக்கு இந்தப் பக்கம் அவள்.
அவள் மூச்சு வெள்ளையாகப் போய்
அதன் கன்னத்தோடு சேர்ந்துகொண்டது.
நான் விரல்களை மடக்கிக்கொண்டேன்.

வெகுநேரம் கழித்து
"யாரோ" என்றாள்.
பிறகு, என் பக்கம் திரும்பாமல்,
"குளிர்கிறது.
சாத்துங்கள்."