வர்த்தூர், மாதிரி எண் 14

மதகருகே நுரை முழங்கால் உயரம்.
குப்பியை அமுக்கிப் பிடித்து
நாற்பது வரை எண்ணினேன்.

முனிரத்னம்மாவின் கொத்தமல்லிப் பாத்தியில்
சோதனைத் தாள்
மெல்லக் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்தது.

"நல்லதா, கெட்டதா?"

படிவத்தில் இரண்டுமே இல்லை.
நைட்ரேட்டுக்கு ஒரு கட்டம்,
சொட்டுநீர் மானியத்துக்கு அவள் கைநாட்டு,
வியாழக்கிழமை ஏரி பார்க்கப்
பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள் என்ற தகவல்.

"வரட்டும். செருப்பைக் கழற்ற வேண்டாம்னு சொல்லு."

பேசும்போதும் கை நிற்கவில்லை;
கட்டுக்குக் கட்டு
வாழைநாரில் இரட்டை முடிச்சு.

இரவு, மாரத்தஹள்ளிப் பாலத்தடியில்
பத்து ரூபாய்க்கு வாங்கியதைப் பிரிக்கிறேன்.
இரட்டை முடிச்சு.

சமையலறைக் குழாய் ஓடிக்கொண்டிருக்கிறது.
நாற்பது
எப்போதோ தாண்டிவிட்டது.