தூணுக்குப் பின்னால்

விச்சிட்டா. தூசிப்புயல் ஓய்ந்த சனிக்கிழமை.
நடன அரங்கில் மூன்று டிரம்பெட், இரண்டு டிராம்போன்;
அவற்றுக்குப் பின்னால், தூணுக்கும் பின்னால்
ஆர்வல் ஸ்டிட்ஸ்மன்.
ஒன்பது வருடமாக
அவன் கை அசைவதைப் பார்த்திருக்கிறார்கள்.
கேட்டதில்லை.
சம்பளக் கணக்கில் அவனை
நாற்காலி வாடகையோடு சேர்த்து எழுதுவதாக
டிரம்ஸ்காரன் சொல்வான்.

இன்று அவன் கிடாரில்
குதிரை லாடம்போல் ஒரு காந்தம்,
முடியைவிட மெல்லிய செம்புக்கம்பிச் சுருள்.
காலடியில் சூட்கேஸ் அளவுப் பெட்டி.
வால்வுகள் சிவக்கும்வரை காத்திருந்தான்.

முதலில் பேசியது பெட்டிதான்:
எந்த ஊர் வானொலியோ,
கோதுமை விலை இன்னும் இரண்டு சென்ட் இறக்கம்.
ஆட வந்தவர்களில் பாதிப்பேர் விவசாயிகள்.
யாரும் சிரிக்கவில்லை.

பிறகு தொட்டான்,
ஒரே ஒரு தந்தி.
டிரம்பெட்காரன் உதட்டிலிருந்து பித்தளையை எடுத்துவிட்டுத்
திரும்பிப் பார்த்தான்.

இரண்டாம் பாட்டில் விரல் தள்ளி விழுந்தது.
எப்போதும் விழுகிற இடம்தான்.
ஒன்பது வருடம் பித்தளை மூடிவைத்த தப்பு
கூரையில் மோதி,
லெமனேட் ஊற்றும் மேசைவரை போயிற்று.
கோப்பை துடைத்துக்கொண்டிருந்த வினோனா
தலை தூக்கினாள்:
"யார் அது?"

அடுத்த சுற்றில் அதே இடம் வந்தது.
ஆர்வல் விரலைப் பார்த்தான்,
மேசையைப் பார்த்தான்,
மறுபடி தப்பாகவே வாசித்தான்,
கொஞ்சம் இழுத்து.